சாம்பல் ஆண்டும் உமர் (ரழி) அவர்களின் நிவாரணக் கணக்கும்

உமர் (ரழி) அவர்கள் மாவு மூட்டையைத் தம் முதுகில் சுமந்து சென்ற சம்பவத்தைக் கேட்காத முஸ்லிம் பிள்ளை எமது நாட்டில் இருக்க முடியாது. மதீனாவுக்கு வெளியே ஒரு தாய், அடுப்பில் கொதிக்கும் வெறும் தண்ணீர், பசியில் அழும் குழந்தைகள். இரவில் ஊர்சுற்றி வந்த கலீபா அதைக் கண்டு ஓடிப்போய் மாவும் கொழுப்பும் எடுத்து வந்து, புகை தாடிக்குள் நுழைய அடுப்பு ஊதிச் சமைத்துக் கொடுத்தார். வெள்ளம் வந்தாலும் வரட்சி வந்தாலும் எமது மிம்பர்களில் இந்தச் சம்பவம் கட்டாயம் வரும். வரவேண்டியதுதான்.

ஆனால் அந்த மூட்டை எங்கிருந்து வந்தது என்று எந்த பயானிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதே அறிவிப்பிலேயே பதில் இருக்கிறது. அவர் ஓடிப்போனது தம் வீட்டுக்கு அல்ல, தாருத் தகீக் என்ற மாவுக் களஞ்சியத்துக்கு. நடு இரவில் ஒரு மனிதர் போய்த் திறந்தால் மாவும் கொழுப்பும் கையில் கிடைக்கும்படி ஒரு களஞ்சியம் நிரம்பி இருந்தது. மூட்டையைச் சுமந்தது ஒரு இரவு வேலை. களஞ்சியத்தை நிரப்பி வைத்திருந்தது பல வருட வேலை. இரண்டாவதைப் பற்றித்தான் நான் இங்கு எழுத விரும்புகிறேன்.

உமர் இப்னுல் கத்தாப் (ரழி) மக்காவில் குறைஷிக் குலத்தின் பனூ அதீ கிளையில், கி.பி. 584 அளவில் பிறந்தார்கள். பனூ அதீ பெரிய செல்வக் குடும்பம் அல்ல. கண்டிப்பான தந்தையின் ஒட்டகங்களை ளஜ்னான் பள்ளத்தாக்கில் மேய்த்த சிறுவன் அவர். பிற்காலத்தில் கலீபாவாக அந்த இடத்தைக் கடந்தபோது அந்த நாட்களை நினைத்துக் கண்கலங்கியதாக வரலாறு உண்டு. ஒட்டகம் எவ்வளவு சுமக்கும், எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் போகும், எப்போது படுத்துவிடும் என்பதை அவர் அறிந்தது புத்தகத்தில் அல்ல. பின்னர் வியாபாரியானார். எழுத வாசிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணக்கூடிய மக்காவில் அவரும் ஒருவர். மேய்ப்பன், வியாபாரி, எழுத்தறிந்தவர் என்ற இந்த மூன்றும் பின்னால் ஒன்று சேர்ந்து பயன்பட்டன என்பது என் அபிப்பிராயம்.

அவர் இஸ்லாத்தை ஏற்றது, ஹிஜ்ரத் செய்தது, நபி (ஸல்) அவர்களின் அருகில் இருந்த ஆண்டுகள் எல்லாம் வாசகர்கள் அறிந்தவை. ஹிஜ்ரி 13இல் (கி.பி. 634) அபூபக்ர் (ரழி) அவர்களின் மறைவுக்குப் பின் கலீபாவானார். ஐந்து வருடங்களுக்குள் ஷாமும் ஈராக்கும் முஸ்லிம்களின் கைக்கு வந்தன. அந்த வெற்றிகளின் உச்சத்தில்தான் தலைநகரான மதீனாவில் சோறு இல்லாமல் போனது.

ஹிஜ்ரி 18. ஹிஜாஸில் சுமார் ஒன்பது மாதங்கள் மழை இல்லை. நிலம் கருகி, காற்று அடித்தால் சாம்பல் போல் புழுதி பறந்தது. அதனால் அந்த வருடத்துக்கே ஆமுர் ரமாதா, சாம்பல் ஆண்டு என்று பெயர் வந்தது. மந்தைகள் செத்தன. பாலைவனத்து மக்கள் குடும்பம் குடும்பமாக மதீனாவை நோக்கி நடந்து வந்து நகரைச் சுற்றிக் கூடாரமிட்டார்கள். பகீஉ பக்கம், பனூ ஹாரிஸா பக்கம், பனூ குறைழா பக்கம் என்று எல்லாத் திசையிலும் முகாம்கள்.

உமர் (ரழி) முதலில் செய்தது ஊரைப் பிரித்தது. மதீனாவின் ஒவ்வொரு புறத்துக்கும் ஒரு பொறுப்பாளர் என்று நான்கு பேரை நியமித்தார்கள். அவர்களில் ஒருவரான மிஸ்வர் இப்னு மக்ரமா (ரழி) ஹிஜ்ரி 2இல் பிறந்தவர் என்பதால், அப்போது பதினாறு வயதளவு. வயது பார்க்கவில்லை, வேலை தெரிந்தவரா என்றுதான் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு மாலையும் நால்வரும் கலீபாவிடம் கூடி, தம் பகுதியில் அன்று நடந்ததைச் சொல்லவேண்டும். இன்றைய அனர்த்த முகாமைத்துவத்தில் மாலை நேர ஒருங்கிணைப்புக் கூட்டம் என்று சொல்கிறோமே, அதுவேதான்.

அடுத்தது எண்ணிக்கை. ஓர் இரவு உணவு முடிந்ததும், இங்கு வந்து சாப்பிட்டவர்களை எண்ணச் சொன்னார்கள். 7,000 பேர். அதோடு நிற்கவில்லை. வரமுடியாமல் கூடாரத்தில் கிடக்கும் நோயாளிகள், பிள்ளைகள், பெண்களையும் எண்ணச் சொன்னார்கள். 40,000 பேர்! சில நாட்கள் கழித்து மீண்டும் எண்ணியபோது சாப்பிட வந்தோர் 10,000, வராதோர் 50,000. இப்னு ஸஅத் தம் தபகாத்தில் பதிந்துள்ள எண்கள் இவை. இந்த எண்களை நான் முதலில் வாசித்தபோது அவற்றின் அளவைவிட விகிதம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வரிசையில் வந்து நிற்பவர் ஒருவர் என்றால், வராமல் கிடப்பவர் ஐந்து பேர்.

2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் ஒரு நிவாரணக் களஞ்சியத்தில் சில மாதங்கள் சாமான் பதிவு எழுதியவன் நான். பிரதான வீதியோரத்து முகாமுக்கு மதியத்தில் மூன்று இடங்களிலிருந்து சோத்துப் பார்சல் வந்து, மிஞ்சியது நாய்க்குப் போகும். அங்கிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பாடசாலையில் இருந்தவர்களுக்கு அஸர் வரை ஒன்றும் போகாது. லொறி எங்கே நிற்க வசதியோ அங்கேதான் பசி இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். குளிர்நாட்டுக் கம்பளி உடுப்பு மூட்டை மூட்டையாக வந்து இடத்தை அடைத்துக்கொள்ள, குழந்தைப் பால்மா வைக்க இடமில்லாமல் வராந்தாவில் நனைந்ததையும் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர்களின் நிய்யத்தில் ஒரு குறையும் இல்லை. எண்ணிப் பார்க்க ஆள்தான் இல்லை.

உணவு எங்கிருந்து வரும்? மதீனாவின் பைத்துல்மாலில் இருந்ததைக் கொடுத்து முடிந்ததும் உமர் (ரழி) மாகாண ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். முதலில் வந்து சேர்ந்தது ஷாமிலிருந்து அபூ உபைதா (ரழி) அவர்கள் கொண்டுவந்த 4,000 ஒட்டகச் சுமை உணவு என்று தபரி எழுதுகிறார். முஆவியா (ரழி) 3,000 ஒட்டகங்களில் மாவும் 3,000 மேலாடைகளும் அனுப்பினார். அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) 1,000 ஒட்டகங்களைத் தரைவழியாகவும், மாவும் கொழுப்பும் ஏற்றிய 20 கப்பல்களைக் கடல்வழியாகவும், 5,000 உடைகளையும் அனுப்பியதாக இப்னு ஸஅதில் உள்ளது. ஈராக்கிலிருந்தும் வந்தது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். அம்ர் (ரழி) இதை மிஸ்ரிலிருந்து அனுப்பியதாகத்தான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் மிஸ்ருக்குள் முஸ்லிம் படை நுழைந்தது ஹிஜ்ரி 18இன் கடைசியில். அந்நாடு கைக்கு வர மேலும் இரண்டு வருடங்கள் சென்றன. பஞ்சத்தின்போது அம்ர் (ரழி) பலஸ்தீனத்தில் இருந்தார் என்று கொள்வதே பொருத்தம். மிஸ்ரின் தானியம் வந்தது பின்னால். இரண்டையும் அறிவிப்பாளர்கள் ஒரே கதையாகச் சேர்த்துவிட்டார்கள் போலும். இதனால் உமர் (ரழி) அவர்களின் சிறப்பு குறைந்துவிடாது. ஏன் என்பதைக் கீழே பாருங்கள்.

வந்த சுமைகள் அனைத்தையும் மதீனாவுக்குள் கொண்டுவந்து குவித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆட்களை அனுப்பி, ஒட்டகத் தொடர்களை வழியிலேயே எதிர்கொண்டு, பாலைவனத்துக் குடியிருப்புகளின் பக்கம் திருப்பச் சொன்னார்கள். மக்கள் சோற்றைத் தேடி நூறு மைல் நடந்து வந்து நகரத்து வாசலில் சாவதைவிட, சோறு அவர்களைத் தேடிப் போவது நல்லது. கூடவே, எதை எப்படிப் பயன்படுத்துவது என்ற அறிவுறுத்தலும் போனது. மாவு உணவுக்கு. மாவு வந்த சாக்குகளைப் பிரித்துப் போர்வையாக்க வேண்டும். சுமந்து வந்த ஒட்டகத்தை அங்கேயே அறுத்து இறைச்சியைக் காயவைத்து, கொழுப்பை உருக்கிச் சேமித்து, தோலையும் பயன்படுத்த வேண்டும். மழை வரட்டும், ஒட்டகத்தை வளர்ப்போம் என்று யாராவது சொன்னால் அதற்குக் காத்திருக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். மேய்ப்பனாக வளர்ந்தவருக்கு அந்த மக்களின் மனம் தெரியும். பசியில் செத்தாலும் கடைசி ஒட்டகத்தை அறுக்க மனம் வராது. வாகனமே உணவாகவும், பொதியே உடையாகவும் மாறும் ஒரு விநியோகத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. திரும்பிப் போகும் ஒட்டகத்துக்குத் தீனி தேடும் பிரச்சினையும் அத்தோடு தீர்ந்தது.

இந்த வேலையை ஏற்ற அபூ உபைதா (ரழி) அவர்களுக்கு உமர் (ரழி) கூலி கொடுத்தார்கள். அல்லாஹ்வுக்காகச் செய்தேன், வேண்டாம் என்று அவர் மறுத்தார். நபி (ஸல்) அவர்களும் தமக்கு இப்படிக் கொடுத்ததுண்டு, தாம் மறுத்தபோதும் கொடுத்தார்கள் என்பதை உமர் (ரழி) நினைவுபடுத்தியதும் ஏற்றுக்கொண்டார். களஞ்சியக் கணக்காளருக்கோ லொறிச் சாரதிக்கோ சம்பளம் கொடுப்பதைக் குற்றம்போல் பேசுபவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதினேன். அதே ஆண்டில் அம்வாஸ் கொள்ளைநோயில் அபூ உபைதா (ரழி) ஷாமில் வபாத்தானார்கள். ஒரு கையில் பஞ்சமும் மறு கையில் கொள்ளைநோயுமாக அந்தக் காலம் போனது.

சமையல் பற்றிய விபரங்களும் இருக்கின்றன. மதீனாவில் ஸஹர் நேரத்திலேயே பெரிய பாத்திரங்கள் அடுப்பில் ஏறும். நோயாளிகளுக்குத் தனியாக மாவுக் கஞ்சி. ஒலிவ் எண்ணெய் பழக்கமில்லாத பாலைவனத்து மக்களுக்கு அதைச் சாப்பிட்டதும் காய்ச்சல் வந்தது. எண்ணெயைப் பெரிய பாத்திரங்களில் கொதிக்க வைத்து, அதன் காரம் போனபின் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொடுக்கும்படி உமர் (ரழி) ஏற்பாடு செய்தார்கள். அனுப்புகிறவருக்குக் கிடைப்பதும் சாப்பிடுகிறவருக்குப் பழகியதும் ஒன்றல்ல என்பது எந்த முகாமிலும் முதல் வாரத்திலேயே தெரியவரும்.

அவர்களும் அதே எண்ணெயைத்தான் சாப்பிட்டார்கள். நெய்யையும் இறைச்சியையும் விட்டுவிட்டதில் வெள்ளை நிறமாக இருந்தவரின் மேனி கறுத்துப்போனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அறுத்த ஒட்டகத்தின் திமிலும் ஈரலும் தமக்கென எடுத்து வைக்கப்பட்டபோது கோபப்பட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இது பயான்களில் வருவதுதான், விரிவாக எழுதத் தேவையில்லை.

வருமானப் பக்கத்திலும் முடிவெடுத்தார்கள். அந்த வருடம் கால்நடைகளுக்கான ஸகாத்தை அறவிட ஆட்களை அனுப்பவில்லை. மழை பெய்து நிலம் தளிர்த்த பிறகு, இரண்டு வருட ஸகாத்தைச் சேர்த்து எடுத்து, ஒரு பங்கை அங்குள்ள ஏழைகளுக்கே பிரித்துவிட்டு மற்றப் பங்கைக் கொண்டுவரச் சொன்னார்கள். பஞ்சத்தில் திருடியவரின் கையை வெட்டவில்லை என்பதும் பிரபலம். நிலைமை இன்னும் நீடித்தால் வசதியுள்ள ஒவ்வொரு வீட்டிலும் அதே எண்ணிக்கையான பசித்தவர்களைச் சேர்த்துவிடுவது என்ற அடுத்த திட்டமும் மனதில் இருந்தது. அரை வயிற்றோடு மனிதர் சாவதில்லை என்பது அவரது கணக்கு.

நீடிக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரழி) அவர்களை முன்னிறுத்தி மழைத் தொழுகை நடந்தது, மழை பெய்தது. முகாம்களில் இருந்தவர்களை ஊர் திருப்பி அனுப்பவும் ஆட்களை நியமித்து, வழிக்கு உணவும் ஏறிச்செல்ல வாகனமும் கொடுத்தார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போகவில்லை. மூன்றில் இரண்டு பங்கினர் இறந்து, ஒரு பங்கினரே மிஞ்சியிருப்பார்கள் என்பது அதை அறிவித்தவரின் மதிப்பீடு. இவ்வளவு செய்தும் இதுதான் நடந்தது. இதை மறைத்துவிட்டு வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது அந்த ஜனாஸாக்களுக்குச் செய்யும் நியாயமல்ல. உமர் (ரழி) அவர்களும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு, அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர் செய்த வேலையே சாட்சி.

திவான் என்ற மக்கள் பதிவேட்டை வளர்த்தெடுத்தார்கள். குஸாஆ கோத்திரத்தின் பதிவேட்டைத் தாமே சுமந்து குதைதுக்குப் போய், ஒவ்வொரு பெண்ணின் கையிலும் அவளது பங்கைக் கொடுத்தார்கள். கிராம சேவகர் வீட்டுக்கு வீடு போனது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் போனது நாட்டின் தலைவர். பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்று முதலில் இருந்த விதி, தாய்மாரை அவசரமாகப் பால் மறக்கடிக்கத் தூண்டுகிறது என்று ஓர் இரவு அழுத குழந்தையால் தெரியவந்ததும், பிறந்த நாளிலிருந்தே தொகை என்று மாற்றினார்கள்.

பங்கீட்டு அளவை அவர் நிர்ணயித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ஜரீப் அளவு தானியத்தை மாவாக்கி, ரொட்டி சுட்டு, 30 பேரை அழைத்து மதிய உணவு கொடுத்தார்கள். வயிறு நிறைந்தது. இரவுக்கும் இன்னொரு ஜரீபில் அப்படியே. 30 பேரின் ஒரு வேளை என்பது ஒருவரின் 30 வேளை அல்லவா? ஆக ஒருவருக்கு மாதம் இரண்டு ஜரீப். ஆண், பெண், அடிமை என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் அதே அளவு. இன்று உலக உணவுத் திட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்ற அளவை வைத்து லொறிகளைக் கணக்கிடுகிறது. அவரிடம் கலோரி அட்டவணை இல்லை. 30 வயிறுகள் இருந்தன.

மிஸ்ர் கைக்கு வந்ததும் பெரிய வேலை தொடங்கியது. நைல் நதியை செங்கடலோடு இணைத்த பழைய ரோமர் காலக் கால்வாய் மணலால் மூடிக் கிடந்தது. அதை மீண்டும் வெட்டும்படி அம்ர் (ரழி) அவர்களுக்குக் கட்டளை போனது. தானியம் வெளியே போனால் மிஸ்ரின் வருமானம் குறையும் என்று அங்கிருந்து ஆட்சேபம் வந்தது. கலீபா விடவில்லை. புஸ்தாத்திலிருந்து குல்ஸும் வரை வெட்டி முடிந்து, ஒரு வருடத்துக்குள் கப்பல்கள் ஓடின. அமீருல் முஃமினீன் கால்வாய் என்று அதற்குப் பெயர். பல வாரப் பாலைவனப் பயணம் செய்த தானியம், மதீனாவின் துறைமுகமான அல்ஜாரில் கப்பலிலிருந்து இறங்கியது. மதீனாவின் விலை மிஸ்ரின் விலைக்கு நெருங்கியது. அந்தக் கால்வாயை வெட்டியவர்களும் அந்தக் கோதுமையை விளைவித்தவர்களும் மிஸ்ரின் ஏழை விவசாயிகள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஹிஜாஸின் பாதுகாப்புக்கு அவர்கள் கொடுத்த விலை எமது நூல்களில் அதிகம் எழுதப்படவில்லை.

அல்ஜாருக்கு உமர் (ரழி) நேரில் போய், களஞ்சியத்துக்கு இரண்டு கட்டடங்கள் எழுப்பினார்கள் என்று யஃகூபி எழுதுகிறார். யாருக்கு எவ்வளவு என்று துண்டுச் சீட்டு எழுதி முத்திரையிடும் பொறுப்பு ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களுக்கு. ஆம், குர்ஆனைத் தொகுத்த அதே ஸைத். அந்தக் கையைத்தான் கோதுமைச் சீட்டு எழுதவும் தேர்ந்தெடுத்தார்.

எங்கே சீட்டு இருக்கிறதோ அங்கே வியாபாரமும் வரும். மக்களுக்கென ஒதுக்கப்பட்ட தானியத்தை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) வாங்கி, கையில் பெறுமுன்னரே வேறொருவருக்கு விற்றார்கள். செய்தி எட்டியதும் உமர் (ரழி) அந்த விற்பனையை ரத்துச் செய்து, கைக்கு வராத உணவை விற்கக் கூடாதென்று தடுத்தார்கள். முவத்தாவில் இது பதிவாகியுள்ளது. ஹகீம் (ரழி) மிகவும் மதிப்புக்குரிய ஸஹாபி, கதீஜா (ரழி) அவர்களின் சகோதரர் மகன். அவருக்கும் அதே சட்டம்தான். நிவாரண அட்டையை ஒருவர் பணத்துக்கு வாங்கிச் சேர்க்கும்போது, நம்பிக்கையாளர் சபையில் அவர் யாருடைய உறவினர் என்று பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கும் ஊர்கள் இந்த ஒரு பக்கத்தை வாசித்தால் நல்லது.

மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடைப்பட்ட பாதையிலும் மாவு, ஸவீக், பேரீச்சம்பழம், உலர்திராட்சை எல்லாம் வைத்து, வழியில் சிக்கியவர்களுக்கென ஏற்பாடு செய்தார்கள். சாம்பல் ஆண்டில் கடிதம் எழுதிக் காத்திருந்த நாட்களை அவர் மறக்கவில்லை.

ஹிஜ்ரி 23 (கி.பி. 644) துல்ஹஜ்ஜின் கடைசியில் சுபஹ் தொழுகையில் நின்றவரை அபூ லுஃலுஆ குத்தினான். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் ஈராக்கின் நில அளவை அதிகாரிகள் இருவரிடம், நிலம் தாங்கும் அளவுக்கு மேல் வரி போட்டுவிட்டீர்களா என்று துருவி விசாரித்து, ஈராக்கின் விதவைகள் யாரையும் எதிர்பார்க்காத நிலையை ஏற்படுத்தும் திட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மரணப் படுக்கையில் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் சொந்தக் கடனைக் கணக்கிடச் சொன்னபோது சுமார் 86,000 வந்தது. முதலில் குடும்பச் சொத்திலிருந்தும், போதாவிட்டால் பனூ அதீயினரிடமும், அதுவும் போதாவிட்டால் குறைஷிகளிடமும் கேட்டு அடைக்கச் சொன்னார்கள். பல்லாயிரம் பேருக்கு உணவளித்த பைத்துல்மால் அந்தப் பட்டியலில் இல்லை.

கால்வாய் அவருக்குப் பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. ஹிஜ்ரி 145இல் மதீனாவில் முஹம்மத் அந்நப்ஸுஸ் ஸகிய்யா கிளர்ந்தெழுந்தபோது, அந்த நகரத்துக்கு உணவு போகாமலிருக்க அப்பாஸிய கலீபா மன்ஸூர் அதை மூடச் செய்தார். கடல்வரை போன பகுதி மணலானது. கெய்ரோ நகருக்குள் இருந்த துண்டு மட்டும் நகர வாய்க்காலாக மிஞ்சி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிரப்பப்பட்டது. அதன் மேல் ட்ராம் வண்டி ஓடியது. இப்போது அது போர்ட் சயீத் வீதி.